காவலை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்

கேள்வி இது: "மூன்றரை வயதில் ஒரு பெண், ஒன்பது மாதத்தில் ஒரு பையன். வேளச்சேரியில் மூன்றாவது மாடி. வீட்டிலிருந்தே வேலை. களைப்பு தாங்காமல் போன மாதம் நான்கு நாள் கொடைக்கானல் போய் வந்தோம். போகும்போது இருந்ததைவிட வரும்போது அதிகமாகக் களைத்திருந்தேன். இயற்கை மனதை ஆற்றும் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஆற்றவில்லை?"

உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியை இதே வருத்தத்தோடு என்னிடம் கேட்ட அம்மாக்கள் நிறையப் பேர். பதினைந்து வருடமாகப் பறவை பார்த்து வருகிறேன். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைகளுக்குக் கூட்டிப் போகிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். நடை முடிந்து பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறியபிறகு, துணைக்கு வந்த அம்மா யாராவது என் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்பார்: "எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னு சொல்றாங்க, எனக்கு ஏங்க ஒண்ணும் தோணல?"

கொடைக்கானலில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். மலைப்பாதை வளையத் தொடங்கியதும் பெரியவள் வாந்தி எடுத்திருப்பாள். சின்னவன் புது இடத்தில் தூங்காமல் இரவெல்லாம் சிணுங்கியிருப்பான். குளிருக்குப் போட்ட குல்லாயை அவன் கழற்ற, நீங்கள் மாட்ட, அவன் கழற்ற, அதிலேயே பாதிப் பகல் போயிருக்கும். தூண் பாறைக்குப் போயிருப்பீர்கள், ஆனால் தூண் பாறையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மகள் கம்பியில் கால் வைத்து ஏறுகிறாளா என்றுதான் பார்த்திருப்பீர்கள். வீட்டில் செய்யும் அதே வேலையை, கொதிக்கவைத்த தண்ணீரும் தெரிந்த கடையும் இல்லாத ஓர் ஊரில் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். களைப்பு கூடாமல் என்ன செய்யும்?

இந்தக் களைப்பு எப்படிப்பட்டது என்று புரிந்துகொண்டால் மருந்தும் பிடிபடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் காப்லான், ஸ்டீபன் காப்லான் என்ற ஆய்வாளத் தம்பதியர் இருந்தார்கள். இயற்கைக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பல வருட வேலைக்குப் பிறகு 1989இல் ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது. நமக்கு இரண்டு வகைக் கவனம் உண்டு. ஒன்று, நாமே இழுத்துப் பிடித்து ஒரு வேலையில் வைப்பது. கணக்குப் பார்ப்பது, நெரிசலில் வண்டி ஓட்டுவது, பால் பொங்குகிறதா என்று ஒரு கண்ணும் பிள்ளை எங்கே என்று ஒரு கண்ணுமாக நிற்பது எல்லாம் அந்த வகை. இது தேயும், தீர்ந்துபோகும். தீர்ந்தபின் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்று மறக்கும். இன்னொன்று, நம் முயற்சி இல்லாமல் தானே போவது. அரசிலை படபடப்பதையோ மழைத்துளி தண்ணீரில் வட்டம் போடுவதையோ பார்க்கும்போது நாம் எதையும் இழுத்துப் பிடிப்பதில்லை. இந்த இரண்டாவது கவனம் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் முதலாவது ஓய்வெடுத்துக்கொள்கிறது. இயற்கை மனதை ஆற்றுவது இப்படித்தான் என்பது அவர்கள் முடிவு.

அதற்கு நான்கு நிபந்தனைகளும் சொன்னார்கள். அன்றாடத்திலிருந்து கொஞ்சம் விலகி இருக்க வேண்டும். மனம் உலாவ இடம் போதுமான அளவு விரிந்திருக்க வேண்டும். கண்ணை மெல்லப் பிடித்துவைக்கும் விஷயங்கள் இருக்க வேண்டும். நான்காவது, அங்கே நாம் செய்ய நினைப்பதும் அந்த இடம் நம்மைச் செய்யச் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். முதல் மூன்றும் கொடைக்கானலில் இருந்தன. நான்காவது இல்லை. நீங்கள் உட்கார நினைத்தீர்கள். அந்த இடமோ, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்தவரைக் காவல் நிற்கச் சொன்னது.

காவல் என்றதும் எனக்குத் தவிட்டுக்குருவிகள் ஞாபகம் வருகின்றன. புத்தகங்களில் வெண்தலைச் சிலம்பன் என்று போட்டிருக்கும். உங்கள் குடியிருப்பின் மதிலோரத்திலேயே இருக்கும், இன்று மாலை தேடிப் பாருங்கள். அழுக்கு மண் நிறத்தில், தலை மட்டும் வெளிறி, வெளிர்நீலக் கண்ணோடு, எட்டுப் பத்து குருவிகள் ஒரே கூட்டமாகத் தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டும். வாய் ஓயாது, கீச்சுக்குரலில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் ஒன்று மட்டும் தரைக்கு இறங்காது. முருங்கைக் கிளையிலோ மதில் உச்சியிலோ உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். வல்லூறு நிழல் தெரிந்தால் அது ஒரு குரல் கொடுக்கும், அத்தனையும் செடிக்குள் பாய்ந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று மேலே ஏற, காவலிருந்தது இறங்கிவந்து தானும் சருகைப் புரட்டும். அது இறங்கியதும் எப்படி இரை தேடுகிறது என்று கவனியுங்கள். தலையைத் தூக்கவே தூக்காது. மேலே ஒருத்தி இருக்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

இந்தக் குருவிகள் குஞ்சு வளர்ப்பதும் கூட்டாகத்தான். பெற்றவை இரண்டு மட்டும் இரை கொண்டுவருவதில்லை. கூட்டத்தில் மற்றவையும் புழு பூச்சி கொண்டுவந்து ஊட்டும். நம் ஊரிலும் ஒரு காலத்தில் பிள்ளை அப்படித்தான் வளர்ந்தது. திண்ணையில் ஒரு ஆத்தா, அடுத்த வீட்டில் ஒரு சித்தி, தெருவில் பெரிய பிள்ளைகள். மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் நீங்கள், மதில் உச்சியிலிருந்து இறங்கவே முடியாமல் போன குருவி. ஒன்பது மாதமாக ஆள் மாறவில்லை. ஏரியைக் காட்டினாலும் மலையைக் காட்டினாலும் மேலே உட்கார்ந்திருப்பவளுக்கு வல்லூறு மட்டும்தான் தெரியும்.

ஆகவே என் பதிலில் முக்கால் பங்கு இதுதான்: எங்கே போவது என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் காவலை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காரர், அம்மா, மாமியார், எதிர்வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. வாரத்துக்கு மூன்று நாள், காலையில் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளை அழுதால் உங்களுக்குப் போன் வரக்கூடாது. பசித்தால் என்ன கொடுப்பது, மாற்றுத்துணி எங்கே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். "நீ போயிட்டு வா, ஆனா அவன் எந்திரிச்சா கூப்பிடுறேன்" என்று சொன்னால் காவல் இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. உடம்பு மட்டும் ஏரிக்கரையில் இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். 2012இல் என் சின்னவனுக்கு எட்டு மாதம். அப்போது சேலையூர்ப் பக்கம் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டே அழுததைப் பார்த்துவிட்டார். ஒன்றும் விசாரிக்கவில்லை. "நாளையிலிருந்து காலையில ஆறு மணிக்கு அவனை என்கிட்ட குடுத்துட்டுப் போ. ஆறே முக்காலுக்கு வா. எங்க போன, என்ன செஞ்சேன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார். நான் ஏரிக்கரைக்குப் போய் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தேன்.

முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். காது வீட்டிலேயே இருந்தது. நாமக்கோழி கத்தினால்கூடப் பையன் அழுகிறானோ என்று எழுந்துவிடுவேன். தெருவில் ஏதோ ஒரு குழந்தை அழுதால் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. இத்தனை நாள் பறவை பார்த்தவள்தானே, ஒன்றும் பிடிக்கவில்லையே என்று பயமாகக்கூட இருந்தது. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, தண்ணீரில் நின்ற பட்டுப்போன கட்டை மேல் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்து இரண்டு சிறகையும் விரித்து வைத்துக்கொண்டது. நீர்க்காகத்தின் இறகு வாத்தின் இறகு போல அல்ல, தண்ணீரில் நனையும். நனைவதால்தான் அதனால் சுலபமாக மூழ்கி மீன் பிடிக்க முடிகிறது. பிடித்து முடித்தபின் வெயிலில் காய்ந்தே ஆக வேண்டும். அது சிறகைக் கொஞ்சம் உதறும், மறுபடி விரிக்கும், வெயில் பக்கம் திரும்பும். கடைசியில் சிறகை மடக்கிக்கொண்டு பறந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: அது வந்ததிலிருந்து போகும்வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. மணியைப் பார்த்தேன். ஆறு நாற்பது. எழுந்து நடந்தபோது தோள்பட்டை கீழே இறங்கியிருந்தது. அதுவரை தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

போகிற அன்றே மனம் மலர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சந்தோஷம் வராவிட்டாலும் பலன் இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2008இல் அதே மிச்சிகனில், ஆன் ஆர்பர் நகரத்தில், சிலரை மரத்தோட்டம் வழியாகவும் பரபரப்பான நகரத் தெரு வழியாகவும் வெவ்வேறு நாளில் நடக்கவிட்டார்கள். நடந்தபின் எண்களைத் தலைகீழாகச் சொல்லவைத்து நினைவாற்றலைச் சோதித்தார்கள். மரங்களுக்கிடையே நடந்து வந்தபின் சுமார் 20 சதவீதம் நன்றாகச் செய்தார்கள், தெருவில் நடந்து வந்தபின் அந்த முன்னேற்றம் இல்லை. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. ஜனவரிக் குளிரில் நடந்தவர்களுக்கு அந்த நடை பிடிக்கவே இல்லை, ஆனாலும் சோதனையில் அதே பலன் கிடைத்தது. தூக்கம் கெட்ட ஓர் அம்மாவுக்கு எதுவும் பிடிக்காத காலம் ஒன்று இருக்கும். அப்போதும் போய் உட்காருங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த தகவலை வைத்து 2019இல் வந்த ஓர் ஆய்வு, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது மரம், நீர்நிலை, கடற்கரை என்று போனவர்கள், அறவே போகாதவர்களைவிட உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது. ஒரே தடவையில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லை. இது கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கு. நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. நாற்பது நிமிடமாக மூன்று தடவை என்றால் கணக்கு முடிந்தது. வருடத்துக்கு ஒருமுறை நான்கு நாள் மலைக்குப் போவதைவிட இது நடக்கிற காரியம்.

சரி, எங்கே? வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வீடும் சாலையுமாகிவிட்டது, மிச்சத்தில் ஆகாயத்தாமரை, ஓரத்தில் குப்பை. அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் மேல் வெளிச்சம் இருக்கிறது, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் முக்குளிப்பான் தெரியும். புறாவைவிடச் சின்னது, உருண்டையாக மிதக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கிக் காணாமல் போய் வேறெங்கோ எழும். குஞ்சு பொரித்த சமயத்தில் தாயின் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து சின்னத் தலை எட்டிப் பார்க்கும். குஞ்சைச் சுமந்துகொண்டே நீந்தும் பறவை அது.

ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். புது இடம் புதுக் கவனத்தைக் கேட்கும். வண்டி எங்கே நிறுத்துவது, நாய் இருக்கிறதா, கழிப்பறை எங்கே என்று மனம் மறுபடி மதில் மேல் ஏறிவிடும். பழகிய இடத்தில் இதெல்லாம் இல்லை. அப்புறம், பழகிய இடத்தில்தான் மாற்றம் தெரியும். போன வாரம் மொட்டையாக நின்ற புங்கமரம் இந்த வாரம் மினுமினுவென்று தளிர் விட்டிருக்கும். மார்கழியில் சத்தமே இல்லாதிருந்த குயில் பங்குனியில் விடியுமுன்னே தொடங்கிவிடும். போனைக் கொண்டு போங்கள், பாதுகாப்புக்கு வேண்டும். ஆனால் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டுவிடுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளோடு போவது இதிலிருந்து வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளோடு போவது பிள்ளைகளுக்காக. அதில் உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கலாம், கிடைத்தால் லாபம். என் அனுபவத்தில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: நீங்கள் ஒருத்தியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் வேலி உள்ள இடத்துக்கு மட்டும் போங்கள். தண்ணீர் உள்ள இடத்துக்கு, கூட இன்னொரு பெரியவர் இருந்தால் மட்டும் போங்கள். வேலி என்பது காவலில் பாதியை வாங்கிக்கொள்ளும். கிண்டி சிறுவர் பூங்கா அதற்கு ஏற்றது. சுமார் 270 ஹெக்டேர் காடு நகரத்துக்கு நடுவே இருக்க, அதன் ஓரத்தில் அந்தப் பூங்கா. புள்ளிமானைப் பார்த்ததும் உங்கள் மகள் பத்து நிமிடமாவது ஓரிடத்தில் நிற்பாள். அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்காவும் சுற்றி அடைத்தது. அடையாறு தியோசாபிகல் சொசைட்டி ஆலமரத்தடி எனக்கு மிகவும் பிடித்த இடம். 1989இல் ஒரு புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது, இப்போது நாம் பார்ப்பதெல்லாம் விழுதுகள் ஊன்றி மரமானவை. உள்ளே விடும் நேரம் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

பள்ளிக்கரணைக்கும் உங்களுக்கும் தூரமே இல்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்பது சாலையிலிருந்தே தெரியும். குப்பைமேட்டு நாற்றமும் சில நாள் சேர்ந்தே வரும். வண்டிகள் விரையும் சாலையோரம் என்பதால் சின்னப் பிள்ளையோடு அங்கே நிற்பது எனக்குச் சம்மதமில்லை. வேடந்தாங்கல் மகளுக்கு ஐந்து வயது ஆனபின் போங்கள். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், கார்த்திகைக்கு மேல் மாசி வரை நல்ல பருவம். ஏரியில் பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்த அந்த ஊர்க்காரர்கள், துப்பாக்கிக்காரர்களிடமிருந்து பறவைகளைக் காக்க 1798இலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியவர்கள். கரையில் நின்றால் கூடுகள் நேர் எதிரே தெரியும். கூழைக்கடா குஞ்சு தாயின் வாய்ப்பைக்குள் தலையை முழுதாக விட்டு மீன் எடுப்பதைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது.

கடற்கரைக்கு வருவோம், சென்னைக்காரர்களுக்கு அதுதானே முதலில் தோன்றும். வங்கக்கடல் நம் கரையில் சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம். பிள்ளையின் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், அதுவும் கையைப் பிடித்தபடி. அலையிலிருந்து தள்ளி, காய்ந்த மணலில் ஒரு பழைய காட்டன் புடவையை விரித்து உட்காருங்கள். பெசன்ட் நகரில் மாலை வெயில் தாழ்ந்ததும் நண்டுகள் வளையிலிருந்து வெளிவரும். மணல் நிறத்திலேயே இருப்பதால் ஓடும்போதுதான் நண்டு என்று தெரியும். ஒரு வளைக்கு நாலடி தள்ளி மகளை உட்காரவைத்து, அசையாமல் இருந்தால் வரும் என்று சொல்லுங்கள். முதலில் குச்சி போல இரண்டு கண் எழும். அப்புறம் ஒரு பக்கமாக நகர்ந்து வந்து, காலால் அணைத்துக் கொண்டுவந்த மணலை வெளியே வீசிவிட்டு உள்ளே ஓடும். மறுபடி வரும், மறுபடி வீசும். என் மகள் நான்கு வயதில் இதைப் பார்த்துவிட்டு, "அதுவும் வீடு பெருக்குதாம்மா?" என்று காதுக்குள் கேட்டாள். சத்தம் போட்டால் நண்டு ஓடிவிடும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பௌர்ணமியன்று போனால் வெயில் மறையும் நேரத்திலேயே நேர் எதிரே கடலுக்குள்ளிருந்து நிலா எழும். கிழக்குக்கரையில் வாழ்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி.

பங்குனி சித்திரையில் இன்னொன்றும் உண்டு. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் தை பிறந்ததிலிருந்து இரவில் நம் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. நகரத்து விளக்குகளைக் கடல் வெளிச்சம் என்று எண்ணிக் குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடும் என்பதால், 1988லிருந்து ஒரு மாணவர் அமைப்பினர் பருவம் முழுக்க இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து வருகிறார்கள். நாற்பத்தைந்து நாளையொட்டிக் குஞ்சு வெளிவரும். அந்தி மங்கும் நேரத்தில் கடலில் விடுவார்கள், பொதுமக்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். இரவு நடை உங்களுக்கு இப்போது வேண்டாம், ஏழெட்டுக் கிலோமீட்டர் மணலில் நடக்கணும். குஞ்சு விடுவதைப் பார்க்கக் குடும்பத்தோடு போகலாம்.

வெளியே போகவே முடியாத நாட்களும் வரும். இரவில் மூன்று மணிக்குப் பால் கொடுக்க எழுகிறீர்கள் அல்லவா, அப்போது போனைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து உட்காருங்கள். பள்ளிக்கரணைப் பக்கமிருந்து ஆள்காட்டிக் குருவி இரவிலும் கத்திக்கொண்டு போகும். கோடையில் நான்கு மணிக்கெல்லாம் குயில். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் மரமல்லி இருந்தால் அதன் வாசம் மாடி வரை ஏறும், விடிந்ததும் கீழே வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். 1984இல் ராஜர் உல்ரிச் என்பவர் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பதிவுகளை வைத்து, பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. படுத்த இடத்திலிருந்து தெரிந்த மரம் அவ்வளவு செய்திருக்கிறது. நீங்கள் பால் கொடுக்கும் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். டிவி பக்கம் பார்த்திருந்தால் மரம் தெரியும் பக்கம்.

பால்கனியில் பூத்தொட்டி வைத்தால் தேன்சிட்டு வரும். எங்கள் வீட்டில் ஒருமுறை துணிக்கொடியிலேயே கூடு கட்டியது. சிலந்தி நூலும் நாரும் மரப்பட்டைத் துணுக்குமாக, பார்க்கக் குப்பை தொங்குவது போலவே இருக்கும் ஒரு பை, பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல். கட்டியதெல்லாம் பெண்சிட்டு ஒன்றேதான். குஞ்சு வந்தபின் ஆணும் சேர்ந்து ஊட்டியது. ஒரு மாதம் அந்தக் கொடியில் நாங்கள் துணி போடவில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், பிள்ளைகளிடம் ஒட்டுதலே தோன்றவில்லை என்றால், உங்களையோ அவர்களையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும்கூட, ஏரிக்கரை அதற்கு மருந்தல்ல. அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியத்தில் சரியாகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சாதாரணக் களைப்பு என்றே தோன்றினாலும் ஒருமுறை இரத்தச் சோகையும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இரண்டும் அடிக்கடி வரும். என் ஹீமோகுளோபின் எட்டில் இருந்ததைக் கண்டுபிடித்ததும் அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான், என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு.

இன்று இரவு வீட்டில் பேசிவிடுங்கள். நாளைக் காலை ஐந்தே முக்காலுக்குப் பையனைத் தூங்கினபடியே அவர் தோளில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குங்கள். முழுக்கைச் சட்டையோ துப்பட்டாவோ இருக்கட்டும், கரையில் கொசு கடிக்கும். முதல் சில நாள் காது வீட்டிலேயேதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரைப் பார்த்தபடி உட்காருங்கள். முக்குளிப்பான் ஒன்று முங்கினால், அது எங்கே எழுகிறது என்று மட்டும் பாருங்கள்.